பாலத்தடியில் நின்ற புள்ளி

என் மகள் வரும் பள்ளி வேன் எங்கே இருக்கிறது என்று பெற்றோர் பார்ப்பதற்கு ஓர் இணையப் பக்கம் உண்டு. யாரோ ஒரு சின்ன நிறுவனம் செய்து கொடுத்தது. ஊர் வரைபடம், அதில் ஒரு மஞ்சள் புள்ளி. ஓட்டுநரின் போன் தான் இருக்கும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அதற்கேற்பப் புள்ளி நகரும். சென்ற மழைக்காலத்தில் ஒரு பிற்பகல், அந்தப் புள்ளி கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்துக்கு அடியில் வந்து நின்றது. பிறகு அசையவே இல்லை.

மும்பைக்காரர்களுக்கு அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாலை அங்கே பள்ளமாக இறங்கி, பாலத்தைக் கடந்து மறுபடி ஏறும். மழை பிடித்துக்கொண்டால் மாட்டுங்காவில் முதலில் நிறைவது அந்தப் பள்ளம்தான். வருடா வருடம் செய்திச் சேனல்காரர்கள் கேமராவோடு அங்கே போய் நிற்பார்கள். பாதி மூழ்கிய பேருந்தைக் காட்டுவார்கள். திலக் நகரில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே நானும் அதைப் பார்த்திருக்கிறேன்.

அன்று மழையால் பள்ளியைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். நான் செம்பூரில் என் அலுவலகத்தில் இருந்தேன். கணவர் தாணேயில். ரயில்கள் நின்றுவிட்டன. ஓட்டுநர் அண்ணாச்சியின் எண்ணை நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். பிஸி என்றது, பிறகு எல்லைக்கு வெளியே என்றது, மறுபடி பிஸி என்றது.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் அடுத்துச் செய்தது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். இணையத்தில் இயங்கும் செயலிகளில் கோளாறு என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னால் அது எங்கள் குழுவுக்கு வரும். அவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது கன்சோல் லாக். கணினியில் எந்தப் பக்கத்தைத் திறந்தும் F12 விசையை அழுத்தினால், பிரவுசருக்குள்ளேயே இன்னொரு பலகை திறக்கும். பக்கத்தை எழுதியவர்கள் தங்கள் வசதிக்காக விட்டுவைத்த குறிப்புகள் அதில் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் இந்தச் செய்தி வந்தது, இது வரவில்லை, இங்கே பிழை என்று. அதுதான் கன்சோல். அந்த வரிகளை ஒரு கோப்பாகச் சேமித்து அனுப்பச் சொல்வோம். எங்களிடம் இருக்கும் ஒரு சின்னக் கருவியில் கோப்பைப் போட்டால், வந்த வரிகளை வந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட்டிக் காட்டும். நாசிக்கில் ஒருவர் திரையில் போன வாரம் நடந்த கோளாறு, செம்பூரில் என் திரையில் மறுபடி நடக்கும்.

இந்த வேலையில் எனக்குள் ஊறிப்போன பழக்கம் ஒன்றுதான். லாக்கைச் சேமிக்கும்வரை பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்யக் கூடாது. செய்தால் கன்சோல் துடைத்துக்கொண்டு போய்விடும். அதுவரை வந்தது எதுவும் மிஞ்சாது.

வேன் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ரிஃப்ரெஷ் செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, பக்கம் திறக்கவில்லை, வெள்ளையாக இருக்கிறது, வட்டம் சுற்றுகிறது என்று எழுதினார்கள். ஒரு தந்தை இந்தியில், புள்ளி நின்றால் வண்டியைப் பத்திரமாக நிறுத்தியிருக்கிறார் என்று பொருள், யாரும் பதற வேண்டாம் என்று எழுதினார். எங்கே நிறுத்தியிருக்கிறார் என்று ஒரு தாய் கேட்டார். என் கணினியில் அந்தப் பக்கம் காலையிலிருந்து திறந்தபடி இருந்தது. கன்சோலையும் நான் எப்போதும் திறந்தே வைத்திருப்பேன். ஆகவே என் திரையில் மட்டும் புள்ளி இருந்தது. பாலத்தடியில்.

பக்கத்து மேசைப் பெண் எழுந்து வந்தாள். தாராவியில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். அவளுடைய வாப்பாவின் ஊரும் என் அப்பாவின் ஊரும் திருநெல்வேலியில் ஒரே பேருந்துத் தடத்தில் இருக்கின்றன. மேலாளரிடம் இந்தியில் பேசுவாள், என்னிடம் ஊர்த் தமிழில்.

"அக்கா, ஓரமா நிப்பாட்டியிருப்பாரு. அண்ணாச்சி பழைய ஆளுல்லா."

"பாலத்துக்கு அடியிலயா ஓரமா நிப்பாட்டுவாவ?"

அவள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கணவர் அழைத்தார். "ஏட்டி, ரிஃப்ரெஷ் பண்ணிப் பாத்தியா? இங்க எனக்குத் தொறக்கவே மாட்டேங்கு."

"பண்ண மாட்டேன்."

"மாட்டியா? என்ன பேச்சு பேசுத? வேன் நவுந்திருக்கும், ஒன் திரையில பழசு நிக்கும்."

"ரிஃப்ரெஷ் பண்ணுனா இம்புட்டு நேரம் வந்ததெல்லாம் போயிரும். சேமிக்கணும்."

"பிள்ள எங்கன்னு கேட்டா ஆபீஸ் பாடம் எடுக்கியே! நீயெல்லாம் ஒரு தாயா?"

அவருடைய பயம் அப்படிப் பேசியது. எனக்கும் கை ரிஃப்ரெஷ் விசையின்மேல்தான் இருந்தது. ஒரு முறை அழுத்தினால் போதும், புள்ளி சயானில் இருக்கும், சுனாபட்டி தாண்டியிருக்கும், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் என்று உள்ளே ஒரு குரல் கெஞ்சியது. அழுத்தி, எல்லோருக்கும் வந்த வெள்ளைத் திரை எனக்கும் வந்துவிட்டால்? பாலத்தடியாவது இப்போது எனக்குத் தெரிகிறது. அதையும் இழந்துவிட்டு எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்? ஆண்டவரே, ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கன்சோலில் வலது பொத்தானைச் சொடுக்கி, சேமித்தேன். கோப்புக்குப் பெயர் கேட்டது. என் மகளின் பெயரைத் தட்டினேன், எழுத்துகள் மாறி விழுந்தன, அப்படியே விட்டேன். பிறகு பென் டிரைவில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, அந்தப் பெண்ணின் கணினிக்கு ஒன்று.

"அக்கா, காப்பிக்குக் காப்பியா? இன்னொண்ணு ஜெராக்ஸ் போட்டுருவோமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வர வேண்டும் என்றுதான் சொன்னாள். வரவில்லை. அவளுக்கே வரவில்லை.

அந்த நிறுவனத்தின் பக்கம் யாருக்கும் திறக்காமல் கிடந்ததால் அவள் வெறும் வரைபடம் ஒன்றைத் தனியாகத் திறந்தாள். லாக்கில் இருந்த இடங்களை அதில் புள்ளியாகப் போடும்படி எங்கள் கருவியைப் பொருத்தினாள்.  

ஓட்டினோம். பள்ளி வாசலில் புள்ளி தோன்றியது. கொஞ்சம் நின்றது, பிள்ளைகள் ஏறுகிறார்கள். கிளம்பியது. சிக்னலில் நின்றது, நகர்ந்தது. மாட்டுங்கா கடைத்தெருவைத் தாண்டி மெதுவாக ஊர்ந்தது. பாலத்தை நெருங்கியபோது, போகாதே, போகாதே என்று நான் திரையைப் பார்த்துச் சொன்னது எனக்கே கேட்டது. அது ஏற்கெனவே நடந்து முடிந்தது என்று தெரிந்தும் சொன்னேன். புள்ளி பாலத்தடிக்குள் போனது. நின்றது. பிறகு ஒரே தாவலில் தாராவிக்குள் விழுந்தது. அங்கே மூன்று நான்கு இடங்களில் துள்ளியது. மறுபடி கண்மூடித் திறப்பதற்குள் நாலைந்து தாவலில் பாலத்தடிக்குத் திரும்பியது; நான் போனில் இருந்தபோது இது நடந்திருக்க வேண்டும். அங்கே கொஞ்சம் தள்ளாடிவிட்டு நின்றது. லாக் முடிந்தது.

"நடுவுல தாராவிக்குப் போனது ஜிபிஎஸ் குழப்பமா இருக்கும்க்கா. மழையில அப்படித்தான் குதிக்கும்," என்றாள். குரல் இறங்கியிருந்தது. குழப்பத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பாலத்தடி. வேன் பள்ளத்துக்குள் போனது, திரும்பவில்லை.

கருவியை மூடிவிட்டு வெறும் வரிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். அறிவோடு செய்ததல்ல. வேறு எதையும் பார்க்க முடியாததால் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள் இருந்தன. முதலாவது, அந்தச் செய்தி என் பிரவுசருக்கு வந்து சேர்ந்த நேரம். இரண்டாவது, ஓட்டுநரின் போன் தன் இடத்தை அளந்த நேரம். வழக்கமாக இரண்டுக்கும் இடையே ஒரு நொடிகூட இருக்காது. கடைசிப் பக்கத்தில் இருந்த வரிகளில் அவை அரை மணிக்கும் மேல் விலகி நின்றன.

"இங்க பாரு. கடைசியா வந்த வரி. வந்தது இப்ப. அளந்தது எப்பம்னு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். "அரே!" என்றாள்.

நெட்வொர்க் இல்லாதபோது போன் தான் அளந்த இடங்களைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. நெட்வொர்க் கிடைத்ததும் முதலில் புதியவற்றை அனுப்பிவிட்டு, பிறகு பழைய பாக்கியைப் பின்னிருந்து முன்னாகக் கொட்டிவிடுகிறது. பக்கமோ கடைசியாக எது வந்ததோ அதுவே இப்போதைய இடம் என்று நம்பிப் புள்ளியை அங்கே வைக்கிறது. அதாவது பாலத்தடியில் நின்றது பழைய வேன். வந்த வரிசையை விட்டுவிட்டு, அளந்த வரிசையில் வரிகளை அடுக்கச் சொன்னேன். அவள் அடுக்கி, மறுபடி ஓட்டினாள்.

இந்த முறை தாவல் இல்லை. புள்ளி பாலத்தடிக்குள் போனது, அங்கே கொஞ்ச நேரம் நின்றது, வெளியே வந்தது. மனிதர் நடக்கும் வேகத்தில் ஊர்ந்து, ரயில் பாதையைத் தாண்டி, தாராவிக்குள் நுழைந்து ஒரு சந்தில் நின்றது. அதோடு முடிந்தது.

அந்தப் பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நடந்து வந்திருக்காவக்கா! எங்க ஏரியாவுக்குத்தான் வந்திருக்காவ!"

எனக்கு ஒரு மூச்சு இறங்கியது. அடுத்த மூச்சு இறங்குவதற்குள் இன்னொன்று தோன்றிவிட்டது. நடந்தது போன். போன் எங்கே போனது என்று மட்டும்தான் இந்த வரிகள் சொல்லும். பிள்ளைகள் எங்கே என்று இதில் ஒரு எழுத்தும் கிடையாது. வேனில் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆள் கூட்டி வர அண்ணாச்சி மட்டும் ஓடியிருந்தாலும் புள்ளி இப்படித்தான் நடந்திருக்கும். போனை யாரோ எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் இப்படித்தான். அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்கும் தோன்றிவிட்டது.

"வாங்கக்கா, நடந்துருவோம்," என்றாள். "நானும் வீட்டுக்குப் போவணும்லா. உம்மா கத்திக்கிட்டுக் கெடப்பா."

செம்பூரிலிருந்து சயானுக்கு நெடுஞ்சாலை வழியே நடந்தோம். ஊரே நடந்துகொண்டிருந்தது. செருப்பைக் கையில் பிடித்தவர்கள், மடிக்கணினிப் பையைத் தலையில் வைத்தவர்கள், இதுவும் ஒரு வேடிக்கை என்று வீடியோ எடுத்துக்கொண்டு போகிற கல்லூரிப் பையன்கள். நான் என் போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக முடிந்து கைப்பையின் அடியில் வைத்திருந்தேன். நனைந்து செத்துவிட்டால் மகளின் குரல் வர வழியே இல்லாமல் போகுமே என்ற பயம். அந்தப் பயத்தில்தான் அது அடித்ததைக் கேட்காமல் போனேன் என்று பிறகு தெரிந்தது.

சயானில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தது. கறுப்பாக, மிதக்கும் குப்பையோடு. ஒவ்வொரு அடியையும் காலால் தடவி வைத்தோம். மூடி திறந்த சாக்கடைக் குழி எங்கே இருக்கும் என்று தெரியாது. எனக்கு இங்கே முழங்கால் என்றால் அங்கே பள்ளத்தில் எவ்வளவு என்று மனது கணக்குப் போட்டபடியே வந்தது. என் மகள் ஆறாம் வகுப்பு. வேனில் மற்றதெல்லாம் அவளைவிடச் சின்னதுகள், ஒன்று இரண்டாம் வகுப்புப் பொடிகள். அவள் உயரம் என் தோள்வரை என்று ஒரு முறை நினைப்பேன், இல்லை, தோளுக்குக் கீழே என்று அடுத்த நிமிடம் நினைப்பேன். பெற்ற பிள்ளையின் உயரம் நிச்சயமாகத் தெரியவில்லை.

தாராவிக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. புள்ளி கடைசியாக நின்ற இடத்தை அந்தப் பெண் தன் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். போன் சொல்லும் இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். வேறு பகுதியில் அந்த முன்பின் என்பது ஒரு கட்டடம், ஒரு மரம். தாராவியில் அதற்குள் நூற்றுக்கணக்கான வீடுகள், ஒன்றின்மேல் ஒன்று, இடையே ஓர் ஆள் போகும் சந்து. அவள் ஒவ்வொரு வாசலாகக் கேட்டுக்கொண்டு போனாள்.

"மாமி, இந்தப் பக்கம் ஸ்கூல் பிள்ளைய வந்துச்சா? வேன் பிள்ளைய."

வாசலில் தண்ணீரைத் தட்டால் மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் நிமிர்ந்தார். "எல்லாப் பிள்ளையும் ஸ்கூல் பிள்ளைதான். என்ன கலர் டிரெஸ்ஸு?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். நிறம் வரவில்லை. தினமும் காலையில் நான் இஸ்திரி போடும் பாவாடை. நீலமா, சாம்பலா, கட்டம் போட்டதா? ஒன்றும் வரவில்லை. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன்.

"இந்தா, அழுதா வந்துருமா?" என்றார் அந்த அம்மாள். "ஒரு மொட்டத்தலைக்காரரு பின்னால வாத்துக் கூட்டம் மாதிரி ஒண்ணு போச்சு. பேக்கு தைக்கான்லா, அந்தப் பட்டறைக்கு. ஏணிய புடிச்சு ஏறுங்க, வழுக்கும்."

அண்ணாச்சிக்கு மொட்டைத்தலைதான்.

பட்டறை மேல் தளத்தில் இருந்தது. செங்குத்தான இரும்பு ஏணி. மேலே தலையை நீட்டியதும் தைத்து முடிக்காத புத்தகப் பைகளின் குவியல் தெரிந்தது. அதன்மேல் பிள்ளைகள் ஈரத்தோடு சாய்ந்திருந்தார்கள். பன்னை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பொடிகள் தூங்கிப்போயிருந்தன. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவள் முகம் கண்ணில் பட்டும் அதைத் தாண்டிப் போய், திரும்பி வந்தேன்.

"மம்மி! பூரா பீகிட்டியே!" என்றாள் என் மகள். முழுக்க நனைந்துவிட்டேனாம். "உனக்கு எத்தன வாட்டி போன் லகாயா தெரியுமா? எப்பப் பாரு பிஸி, பிஸி, பிஸி. யாருகூடப் பேசிட்டிருந்தே?"

"எந்தப் போன்லட்டி கூப்ட்ட?"

"அங்கிள் போன்லதான். அங்கிள் என் கையில குடுத்துட்டாரு. அவரு குட்டிங்களத் தூக்கணும்ல."

நான் அவள் கையிலிருந்த போனை அழைத்துக்கொண்டிருந்தேன். அவள் அதே போனிலிருந்து என்னை அழைத்துக்கொண்டிருந்தாள். இருவருக்கும் பிஸி. தாராவிக்குள் நடந்து வந்த புள்ளி அவள்தான். பட்டறைக்கு வந்ததும் அந்தப் போன் அணைந்துவிட்டதால், பட்டறைக்காரரின் போனிலிருந்தும் அவள் என்னை அழைத்திருக்கிறாள். அதுதான் என் கைப்பையின் அடியில் அடித்தது. அவளுக்கு என் எண் மட்டும்தான் மனப்பாடம்; அண்ணாச்சிக்கு எந்தப் பெற்றோரின் எண்ணும் இல்லை. எல்லாம் அணைந்த போனுக்குள் இருந்தன. நான் என் போனை அவிழ்த்துக் குழுவில் எழுதினேன். எல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று எழுதுவதற்குமுன் எண்ணினேன். தப்பாக எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.

அண்ணாச்சி மூலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "யம்மா, வண்டி போச்சு. பிள்ளையளுக்கு ஒரு கீறல் கெடையாது, பாத்துக்கோங்க. முன்னால ஒரு டெம்போ இறங்கி ஏறிட்டான்லா, அவன நம்பி நானும் இறக்கிட்டேன். நடுவுல இஞ்சின் அமந்துட்டு. ஒவ்வொரு பிள்ளையா தூக்கிக் கரையில விட்டேன். என் வீட்டுலயும் தண்ணி ஏறிட்டு, அதான் இங்கன கூட்டியாந்தேன்."

நான் அவரைத் திட்டவும் இல்லை, கும்பிடவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத்து மேசைப் பெண் என் மகளிடம், "ஒங்கம்மா இன்னைக்கு ஒரு ரிஃப்ரெஷ் பண்ணியிருந்தாவன்னா நாங்க இன்னும் பாலத்துக்கிட்ட நின்னு கத்திக்கிட்டிருப்போம்," என்றாள். மகளுக்குப் புரியவில்லை. இன்னொரு பன் எடுத்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். வேனை வேறு வழியில் விட ஏற்பாடு ஆயிற்று. அந்தப் பக்கத்தைச் செய்த நிறுவனத்துக்கு நான் நடந்ததை எழுதினேன். எங்கள் கணினியில் இந்தக் கோளாறு வரவில்லை, பக்கத்தை ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள் என்று பதில் வந்தது. சரி, ஓட்டியே காட்டுவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் வீட்டு மேசையில் உட்கார்ந்தேன். வரிகளை அளந்த வரிசையில் அடுக்கி, ஓட்டி, திரையைப் பதிவுசெய்து அனுப்புவதாக எண்ணம்.

எங்கள் கருவிக்கு ஒரு குணம் உண்டு. வரிகளுக்கு இடையே வெகுநேரம் எதுவும் வராமல் இருந்தால் அந்த இடைவெளியைச் சுருக்கிவிடும். வேலையில் அது வசதி. சும்மா உட்கார்ந்து வெற்றுத் திரையைப் பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. அந்த நிறுவனத்துக்கு அனுப்புவது என்பதால், உண்மையான நேரத்தில் ஓடட்டும் என்று சுருக்குவதை நிறுத்திவிட்டு ஓட்டினேன்.

புள்ளி பாலத்தடிக்குள் போனது. நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே லேசாகத் தள்ளாடியது. பிறகு வரிகள் நின்றுவிட்டன. அலுவலகத்தில் ஓட்டியபோது இது எங்களுக்குத் தெரியவில்லை, கருவி விழுங்கிவிட்டிருந்தது. நெட்வொர்க் இல்லாததால் வராமல் போன வரிகள் அல்ல இவை. அவையெல்லாம் பாக்கியாகப் பிறகு வந்து சேர்ந்துவிட்டன. இங்கே போன் அளக்கவே இல்லை. அந்த நேரத்துக்குத் தான் எங்கே இருந்தது என்று போனுக்கே தெரியாது.

அடுத்த வரி எப்போது என்று கோப்பில் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் ஓடியது. புள்ளி அசையவில்லை. எல்லாம் முடிந்து, பிள்ளை உள் அறையில் இருக்கிறாள் என்று தெரிந்தும், அன்று அலுவலகத்தில் இருந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். 

மகள் தண்ணீர் குடிக்க வந்தவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். "இது நாங்கதானே? ஏன் அட்கி ஆயிடுச்சு, நகரவே இல்ல?"

"தெரியலட்டி. போன் ஒண்ணும் சொல்லல. சிக்னல் போயிருக்கும்."

"இல்ல, அது அப்போ டப்பால இருந்துச்சு."

"எந்த டப்பா?"

"என் டிபன் டப்பா. ஸ்டீல். போன் பீகிடும்ல? அதான் இருந்த சப்பாத்தியத் தண்ணில போட்டுட்டு, போனை உள்ள வெச்சு கிளிப் போட்டுட்டேன். அந்தப் பக்கம் போனதும் எடுத்தேன்."

எஃகுப் பெட்டிக்குள் போன் எதையும் அளக்க முடியாது. நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு நொடி. சரியான விளக்கம் கிடைத்த நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

"டப்பாவ நீயா வச்சிருந்த? அண்ணாச்சி ஒன்னயத் தூக்கிட்டுப் போகும்போதா?"

"என்னை எதுக்குத் தூக்கணும்? நான்தான் எல்லாரையும்விட லம்பூ இல்ல? குட்டிங்களத்தான் அங்கிள் ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போனாரு. நான் வேன்ல எல்லாரையும் சீட்டு மேல நிக்க வெச்சேன். அந்தக் குட்டிப் பையன் என் கையக் கடிச்சுட்டான் பயத்துல, லூசு, பாகல். எல்லாம் போனப்புறம் லாஸ்ட்டா நான் வந்தேன். டப்பாவத் தலையில வெச்சுப் புடிச்சிட்டு."

"தனியா?"

"அங்கிள் அந்தப் பக்கத்துலேர்ந்து வா வான்னு சொல்லிட்டே இருந்தாருல்ல."

ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கி விட்டேன் என்று அண்ணாச்சி சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. திரும்ப வருவதற்குள் அவள் இறங்கிவிட்டிருப்பாள். அல்லது அவருக்கு அப்போது கை ஓய்ந்திருக்கும். அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

"தண்ணி எவ்வளவு இருந்துச்சு?" என்றேன். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

"இவ்ளோ," என்று அவள் விரல்களை நீட்டித் தன் மோவாய்க்குக் கீழே கழுத்தில் வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது. நெஞ்சில் நிற்காமல், இடுப்புவரை வந்தது.

"இவ்ளோதான் மம்மி," என்றாள். "நெஜமா, சச்சி."

நான் அவள் கையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திரையில் புள்ளி இன்னும் பாலத்தடியிலேயே நின்றது; அடுத்த வரி வரவில்லை. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.